புத்தகத்தோடு ஆளும் வேண்டும்
சிறுவர்களுக்கான நூலக நிகழ்ச்சிகளுக்குப் புத்தக நன்கொடை தாருங்கள் என்று ஒரு கட்டுரை கேட்கிறது. சரிதான், ஆனால் புத்தகத்தைவிட ஆள்தான் அதிகம் தேவை. நான் இரண்டு வருடமாக சனிக்கிழமை கதை நேரத்தில் வாசித்துக் காட்டுகிறேன். வாயே திறக்காத ஒரு சிறுமி மூன்றாவது வாரம் என் கையை விலக்கிவிட்டு அவளே பக்கத்தைப் புரட்டினாள். படத்தில் ஒளிந்திருந்த பூனையின் வாலைத் தொட்டுக் காட்டினாள். அதுவரை வாசலிலேயே நின்ற அவளுடைய பாட்டி அடுத்த வாரம் உள்ளே வந்து உட்கார்ந்தார்.

அப்புறம், நன்கொடை என்று பழைய பாடப்புத்தகங்களையும் கிழிந்த வார இதழ்களையும் கொண்டுவந்து இறக்காதீர்கள். பிரித்து எடுக்கவே ஒரு நாள் போய்விடுகிறது. என்ன வேண்டும் என்று முதலில் நூலகரிடம் கேளுங்கள்.

இன்னொன்று, பொது நூலகங்கள் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லும் யுனெஸ்கோவின் அறிக்கை முதலில் வந்தது 1949இல். 2022இல் புதுப்பிக்கப்பட்ட வடிவமும் நூலகச் சேவை அடிப்படையில் கட்டணமில்லாமல் இருக்க வேண்டும் என்கிறது. ஆனால் தாமதக் கட்டணத்துக்குப் பயந்தே பிள்ளைக்கு உறுப்பினர் அட்டை வாங்காத பெற்றோரை எனக்குத் தெரியும். குழந்தைகளின் அட்டைக்காவது நூலகங்கள் அந்தத் தாமதக் கட்டணத்தை எடுத்துவிடட்டும்.