6ஜி இருக்கட்டும், அந்தக் குழி எத்தனை அடி ஆழம்?

நேற்று ராத்திரி டிவி விவாதம் பார்க்காதவர்களுக்கு ஒரு வரி முன்கதை. "5ஜி வேலை முடிந்தது, இனி 6ஜிதான்" என்று கையை வீசிச் சொன்னார் அதில் பேசிய ஒருவர். முடிந்ததாமே! டவருக்கு ஃபைபர், அதாவது குழி தோண்டிப் புதைக்கும் கண்ணாடி இழை கேபிள், போய்ச் சேர்ந்ததா என்று எதிரே இருந்தவர்களில் ஒருத்தராவது கேட்டிருக்கலாம்.

கணக்கு சின்னதுதான். 3.5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் 100 மெகாஹெர்ட்ஸ் அகலம் வைத்து ஓடும் ஒரு 5ஜி செக்டார் (டவர் ஒரு திசையில் பரப்பும் பகுதி), உச்சத்தில் நொடிக்கு 1 ஜிகாபிட்டைத் தாண்டும். ஒரு டவரில் மூன்று செக்டார். அதற்குப் பின்னால் ஃபைபருக்குப் பதில் டவரை வானலையில் இணைக்கும் பழைய 15 கிகாஹெர்ட்ஸ் மைக்ரோவேவ் லிங்க், 28 மெகாஹெர்ட்ஸ் சேனல் என்றால், வெயில் நாளிலேயே 200 மெகாபிட் சொச்சம்தான். மழை கொட்டினால் லிங்க் அறாமல் இருக்க மாடுலேஷனை (அலையில் தரவை நெருக்கி ஏற்றும் அளவை) தானே இறக்கிக்கொண்டு ஐம்பதுக்கும் கீழே போய் நிற்கும். அண்டா நிறைய சோறு, பரிமாற டீஸ்பூன்.

"என் போனில் 5ஜி காட்டுகிறதே?" காட்டும். 4ஜி மேல் சாய்ந்து ஓடும் என்எஸ்ஏ முறையில், "இங்கே 5ஜியும் உண்டு" என்று 4ஜி டவர் ஒரே ஒரு பிட் ஒலிபரப்பினால் போதும், பல போன்கள் அந்த எழுத்தைப் போட்டுவிடும். அந்த நேரத்தில் 5ஜி இணைப்பே இல்லாமலும் இருக்கலாம்.

"ஈ-பேண்ட் இருக்கே?" இருக்கு. அதுவும் வானலை லிங்க்தான்; 80 கிகாஹெர்ட்ஸில் பத்து ஜிகாபிட் வரை போகும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அடைமழை ஊரில் இரண்டு மூன்று கிலோமீட்டருக்கு மேல் நம்ப முடியாது. நகரத்துக்குச் சரி, தாலுகாவுக்கு?

"நாடு முன்னேறுவது உனக்குப் பிடிக்கவில்லை" என்பவர்களுக்கு ஒரு கும்பிடு. 2022 அக்டோபர் 1-இல் தொடங்கி ஆன்டெனா ஏற்றிய வேகம் உலகத்தரம்தான். நான் கேட்பது ஆன்டெனாவை இல்லை, ஃபைபரை. 2019-இல் தொடங்கிய தேசிய பிராட்பேண்ட் மிஷனே 70 சதவீத டவர்களுக்கு ஃபைபர் என்றுதானே இலக்கு வைத்தது? அதுவும் நாட்டுக்கு விரோதமா?

2023 மார்ச் 22 நினைவிருக்கிறதா? பாரத் 6ஜி தொலைநோக்கு ஆவணம் வெளியான அதே மேடையில், தோண்டும் முன் தகவல் சொல்லும் 'கால் பிஃபோர் யூ டிக்' செயலியும் வந்தது. பிரச்சினை எங்கே என்று அரசுக்கே தெரிந்திருந்தது. ஆனால் ஃபைபர் போன வழியையே வரைபடத்தில் ஏற்றாவிட்டால் செயலி யாருக்குத் தகவல் சொல்லும்?

விதிப்படி ஃபைபர் குழி 1.65 மீட்டர் ஆழம். பாறை வந்தால் இரண்டு அடியிலேயே டக்டை (கேபிள் போகும் குழாயை) போட்டு மூடிவிடுகிறார்கள். மேலே எச்சரிக்கை டேப்கூட இல்லை. வடிகால் வேலைக்கு வரும் ஜேசிபியின் பல் நேரே அங்கேதான் இறங்கும். கேபிள் ஒரு தடவை 'கட்' ஆகி, நடுவில் துண்டு கேபிள் வைத்து ஒட்டினால் இரண்டு ஜாயின்ட். ஜாயின்ட்டுக்கு 0.1 டிபி (ஒளி இழப்பை அளக்கும் அலகு) என்றாலும் பத்து தடவை 'கட்' ஆனால் 2 டிபி காலி. புதிய 20 கிலோமீட்டர் ரூட்டின் மொத்த இழப்பே 5 டிபிக்குள்தான்.

அந்த ஜாயின்ட்டைப் போடுகிறவர் சேற்றில் குத்தவைத்து, இழைகளை உருக்கி ஒட்டும் ஸ்ப்ளைஸிங் மெஷினுக்குக் குடை பிடித்து, 125 மைக்ரான் இழையை போன் டார்ச்சில் துடைக்கிறார். ஒரு தூசி இருந்தால் மறுபடி வெட்டு, மறுபடி ஒட்டு. இருபத்து நான்கு இழையும் முடித்து மேலே ஏறுவதற்குள் அதே ரூட்டில் அடுத்த கட் வந்திருக்கும்.

முடிந்ததாமே!