குழிக்கு ஏழு நிமிஷம்

(திருவையாறு பக்கம், குடமுருட்டிக் கரை. பங்குனிக் கடைசி. உளுந்து எடுத்து முடிந்த வயல். வரப்பில் மாமா குந்தியிருக்கிறார். மாப்பிள்ளை மெட்டல் டிடெக்டரை மாட்டிக்கொண்டிருக்கிறார்.)

மாமா: ஒரு வேலி நிலம் மாப்ள. முழுசாத் தேட எத்தனை நாள் ஆவும்?

மாப்பிள்ளை: மோதிரம் எந்தப் பக்கம் விழுந்துச்சுன்னு சொன்னீங்கன்னா…

மாமா: அதை அப்புறம் பாப்போம். மொதல்ல கணக்கைச் சொல்லு, எழுதிக்கிறேன்.

(சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ரோஸ் சீட்டை எடுக்கிறார். எழுதாத பக்கம் மேலே வருகிறதா என்று ரெண்டு தடவை பார்த்துக்கொள்கிறார்.)

மாப்பிள்ளை: மிஷினுக்கு அடியில இருக்கிற இந்த வட்டம்தான் காயில், 11 அங்குலம். அதுக்காக வீச்சுக்கு 11 அங்குலம் முன்னாடி போவக் கூடாது. ஆழத்துல காயில் பார்வை குறுகிப்போயிடும், நடுநடுவுல மண்ணு விட்டுப்போவும். பாதிக்குப் பாதி மேல விழுற மாதிரி, வீச்சுக்கு 5 அங்குலம்தான் நகரணும்.

மாமா: சரி, 5. அகலம்?

மாப்பிள்ளை: கையை நல்லா வீசினா 5 அடி வரும். ஆனா ரெண்டு ஓரத்துலயும் காயில் ஊஞ்சல் மாதிரி மேல தூக்கிக்கும். தூக்குன இடத்துல ஆழம் போச்சு. அதனால 4 அடிதான் கணக்கு. ஒரு வீச்சுக்கு 2 செகண்டு. நிமிஷத்துக்கு 30 வீச்சு, 150 அங்குலம், அதாவது பன்னெண்டரை அடி. நாலால பெருக்குங்க.

மாமா: 50 சதுர அடி. ஒரு குழி நிலம் 144 சதுர அடி. அப்போ கிட்டத்தட்ட மூணு நிமிஷம். ஒரு மா நிலத்துக்கு 100 குழி, அஞ்சு மணி நேரம். வேலிக்கு 20 மா… (முகம் வாடுகிறது) நூறு மணி நேரம்தானா?

மாப்பிள்ளை: என்ன மாமா, ‘தானா’ங்கிறீங்க? இதுல தோண்டுறதைச் சேர்க்கவே இல்லையே!

மாமா: (நிமிர்ந்து உட்கார்ந்து) சேரு, சேரு!

மாப்பிள்ளை: சிக்னல் வந்தா குறுக்கும் நெடுக்கும் வீசி நடுவைப் பிடிக்கணும், தோண்டணும், மண்ணைப் பிரிச்சுப் பாக்கணும், பள்ளத்தை மூடணும். மூடாம விட்டா நீங்களே திட்டுவீங்க. இந்தக் களிமண்ணுல ஒரு தோண்டலுக்கு 4 நிமிஷம். குழிக்கு ஒண்ணுன்னே வைங்க.

மாமா: அவ்வளவு குப்பையா கெடக்கு?

மாப்பிள்ளை: அறுவடை மிஷின்ல விழுந்த நட்டு, ஆணி, குடைக்கம்பி. ஆணியையாவது இரும்புன்னு மிஷினே ஒதுக்கிடும். சோடா மூடிதான் எமன். அதுவும் இரும்புதான், ஆனா தட்டையா வட்டமா இருக்கிறதால காசுன்னு ஏமாத்தும். மாத்திரை அட்டைத் தகடு இன்னும் மோசம். மிஷின் திரையில மோதிரத்துக்கு வர்ற எண்ணே அதுக்கும் வரும். அதை விட்டா மோதிரத்தையும் விட்டமாதிரி.

மாமா: ஆக, குழிக்கு ஏழு நிமிஷம். மாவுக்கு 11 மணி 40 நிமிஷம். வேலிக்கு 233 மணி சொச்சம். பலே!

மாப்பிள்ளை: வெயிலுக்கு முன்ன காலையில ரெண்டு மணி நேரம்னா 117 நாள். சித்திரை ஒண்ணுல ஆரம்பிச்சா ஆடிப்பெருக்கும் தாண்டிடும். மேட்டூர்ல ஜூன் 12 தண்ணி விட்டு நீங்க குறுவைக்கு உழுதுட்டா, மோதிரம் எந்த மூலைக்குப் போவுமோ.

மாமா: ஃபோன்ல நடந்த தூரம் காட்டுதே, அதை நாலு அடியால பெருக்கினா எவ்வளவு தேடிட்டோம்னு தெரியாதா?

மாப்பிள்ளை: அது டீக்கடைக்குப் போன நடையையும் சேத்துக்கும். ரெண்டு மணி நேரம் விடாம வீசினாலே 1500 அடிதான் நகருவோம். ஃபோன் காட்டுற இடமும் பத்துப் பதினைஞ்சு அடி தள்ளி விழும், நம்ம பாத்தியோ நாலு அடி. முளைக்குச்சி அடிச்சுக் கயிறு கட்டினாத்தான் எதைப் பாத்தோம், எதை விட்டோம்னு தெரியும். வயல்ல நிக்கிற அடித்தாளையும் ஒட்ட அறுத்துடணும். காயில் எத்தனை அங்குலம் மேல நிக்குதோ அத்தனை அங்குலம் ஆழம் நஷ்டம். மண்ணு வெடிச்சு மோதிரம் உள்ள போயிருந்தா, 6 அங்குலத்துக்குக் கீழ சந்தேகம்தான்.

(காயிலை மாமா பக்கம் திருப்புகிறார். மிஷின் அலறுகிறது.)

மாமா: கெடச்சிடுச்சா?

மாப்பிள்ளை: உங்க வெள்ளி அரைஞாண் மாமா. தள்ளி உக்காருங்க. மம்பட்டியையும் தள்ளி வைங்க.

மாமா: ஏன்டா, தோண்டும்போது சிலை கிலை வந்துட்டா? சீர்காழி சட்டைநாதர் கோயில்ல 2023-ல வந்துச்சே.

மாப்பிள்ளை: அது யாகசாலைக்கு மண்ணு எடுத்தப்ப தானா வந்தது. 1878-ம் வருஷத்துப் புதையல் சட்டம் இருக்கு. பத்து ரூபாய்க்கு மேல மதிப்புன்னா கலெக்டருக்கு எழுதிக் குடுக்கணும்.

மாமா: மோதிரத்துக்குமா?

மாப்பிள்ளை: யாரோ ஒளிச்சு வெச்சதுக்குத்தான். உங்களுது தொலைஞ்சதுதானே?

மாமா: (இருமி) தொ… தொலைஞ்சதுதான்.

மாப்பிள்ளை: அப்ப வேலி பூரா எதுக்கு மாமா? கடைசியா கை கழுவின இடம், உக்காந்து சோறு தின்ன இடம், இருவது குழி தேறுமா? ரெண்டு மணி இருவது நிமிஷம். நாளைக்குக் காலையிலயே முடிச்சிடலாம். அத்தை கையில கெடக்குற மோதிரத்தை வாங்கிட்டு வர்றேன், மண்ணுல வெச்சு என்ன எண் வருதுன்னு பாத்துக்குவோம்.

மாமா: அத்தைகிட்ட போவாதே! நான் வேலி பூராவும் நடந்தேன்டா! வேலி பூரா!

(பதற்றத்தில் சீட்டு நழுவி விழுகிறது. மாப்பிள்ளை எடுத்துத் திருப்புகிறார்.)

மாப்பிள்ளை: ‘கல் வெச்ச மோதிரம் ஒண்ணு, எடை எட்டு கிராம், வட்டி…’ மாமா, இது அடகுச் சீட்டு!

மாமா: கத்தாதேடா, அவ களத்துலதான் உளுந்து தூத்திக்கிட்டிருக்கா. உளுந்துப் பணம் வர 45 நாள் ஆவும். மீட்டுட்டா, நீயே வயல்ல ‘கண்டுபிடிச்சு’க் குடுத்துடு. அதுவரைக்கும் இந்த மிஷின் இங்க கத்திக்கிட்டே இருக்கணும்.

மாப்பிள்ளை: சிக்னல் வராத குழியை நான் மூணு நிமிஷத்துல தாண்டிடுவேனே. சும்மா தோண்டினா அத்தைக்குச் சந்தேகம் வரும்.

மாமா: குழிக்கு ஒரு ஆணியை நானே போட்டு வெக்கிறேன்.

மாப்பிள்ளை: ஆணியை மிஷின் ஒதுக்கிடும்னு இப்பத்தான் சொன்னேன். சோடா மூடியா போடுங்க, மூணு அங்குலம் ஆழத்துல. 45 நாள், 90 மணி நேரம், 5400 நிமிஷம். ஏழால வகுத்தா… 771 மூடி.

மாமா: (துண்டை உதறித் தோளில் போட்டு) கோணியோட கடைத்தெருவுக்குப் போறேன். அத்தை கேட்டா, கோலி சோடா குடிக்கப் போயிருக்கேன்னு சொல்லு.

மாப்பிள்ளை: கோலி சோடாவுக்கு ஏது மாமா மூடி?