கலோரியைத் தட்டில் எண்ணுவதா, மளிகைச் சீட்டில் எண்ணுவதா?

ஆபீசில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பெண் ஒருத்தி போன வாரம் டீ குடிக்கும்போது கேட்டாள். "அக்கா, நல்லா இளைச்சிட்டீங்க. கலோரி எண்ணித்தானே? எந்த ஆப்?" ஆமாம் என்றால் பாதிப் பொய். இல்லை என்றாலும் பாதிப் பொய். அதற்குள் டீக்கடைப் பையன் தம்ளரை வாங்கிக்கொள்ள வந்து நின்றுவிட்டான். வாட்ஸ்அப்பில் சொல்கிறேன் என்று தப்பித்தேன். எழுத உட்கார்ந்தால் வாட்ஸ்அப்பில் அடங்குகிற விஷயமாக இல்லை. அதனால் இங்கே.

முதலில் என் கணக்கு. 2023 ஜனவரியில் 76 கிலோ. உயரம் 158 செ.மீ. உயரத்துக்கு எடை எவ்வளவு என்று பார்க்கும் பி.எம்.ஐ. 30-ஐத் தாண்டியிருந்தது. நம் ஊர் மருத்துவர்கள் 25-லேயே உடல் பருமன் என்று சொல்லிவிடுகிறார்கள். நான் மட்டும் இல்லை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில் தமிழ்நாட்டுப் பெண்களில் 40 சதவீதம் பேர் அதிக எடைக்காரர்கள். இது ஆறுதலா, பயமா என்று அன்றைக்குத் தெரியவில்லை.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் இருபது வருஷமாக அக்கவுண்ட்ஸ் பார்க்கிறேன். ஒரு ரூபாய் இடித்தாலும் ராத்திரி தூக்கம் வராது. அதனால் கலோரிக் கணக்கு எனக்கென்றே கண்டுபிடித்ததாகத் தோன்றியது. வரவு, செலவு, மீதி. இதில் தப்பு நடக்க என்ன இருக்கிறது?

கலோரி என்பதே பொய், எல்லாம் வெள்ளைக்காரன் கட்டிவிட்ட கதை என்று சிலர் பதிவு போடுகிறார்கள். அவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்கும் அளவு ஆற்றலைத்தான் உணவுப் பேச்சில் கலோரி என்கிறோம். மாவுச்சத்தும் புரதமும் கிராமுக்கு 4, கொழுப்பு கிராமுக்கு 9 என்று பிஸ்கட் பாக்கெட் வரைக்கும் வந்திருக்கும் எண்கள், 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அட்வாட்டர் என்ற அமெரிக்க வேதியியலாளர் உணவை எரித்தும் மனிதர்களை அறைக்குள் வைத்து அளந்தும் கொண்டுவந்தவை. பேலியோ, விரதம், ராகிக் கூழ், எதில் இளைத்தாலும் உள்ளே போனதைவிட வெளியே போனது அதிகம் என்பதால்தான் இளைக்கிறோம். அந்த விதியில் எனக்குச் சண்டை இல்லை. நம் வீட்டுச் சமையலறையில் அந்த வரவு செலவை எழுதுவது யார், எங்கே நின்று எழுதுவது என்பதில்தான் சண்டை.

சாப்பிட்டதை எழுதிக் கணக்குப் பார்க்கும் ஆப் ஒன்றைப் போனில் போட்டேன். அது எனக்கு ஒரு நாளைக்கு 1,400 கலோரி ஒதுக்கியது. 55 கிலோ எடையில் உட்கார்ந்து வேலை பார்க்கும் பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 1,660 என்பது ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-ல் சொன்ன அளவு. என் 1,400 அதைவிடவும் குறைவு. சரி என்று சமையலறைத் தராசு ஒன்று வாங்கினேன்.

முதல் மாதம் கண் திறந்தது. இதை மறைக்க மாட்டேன். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 120 கலோரி. தோசைக்குச் சுற்றிலும் விட்டு நடுவிலும் ஒரு சொட்டு விடுவேனே, மூன்று தோசையில் எண்ணெய் மட்டும் ஒரு தோசைக்குச் சமம். ஒரு நாளைக்கு மூன்று காபி, தம்ளருக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை. முப்பது கிராம், 120 கலோரி. ஆவின் பச்சை பாக்கெட்டிலிருந்து நீலத்துக்கு மாறினால் கொழுப்பு 4.5-லிருந்து 3 சதவீதம். இதெல்லாம் இருபது வருஷம் சமைத்தவளுக்குத் தெரியாமல் போயிருக்கிறது. செக்கு எண்ணெய் உடம்புக்கு நல்லது என்று தாராளமாக ஊற்றிக்கொண்டிருந்தவள் நான். செக்கில் ஆட்டினாலும் மில்லில் ஆட்டினாலும் கிராமுக்கு 9-தான். நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டியும் அப்படியே, பேருக்குத்தான் பெருமை.

கூத்தும் நடந்தது. பத்து நாள் சாதத்தை அரிசிக் கணக்கில் எழுதியிருக்கிறேன். நூறு கிராம் அரிசி ஏறக்குறைய 350 கலோரி. அதுவே வெந்தால் மூன்று மடங்கு எடை. நூறு கிராம் சாதம் 130-தான். இருநூறு கிராம் சாதத்துக்கு 700 என்று ஆப் காட்ட, அலறிப்போய் சாதத்தைப் பாதியாக்கிவிட்டேன். வில்லிவாக்கத்தில் ரயில் ஏறி பட்டரவாக்கத்தில் இறங்கும்போது பிளாட்பாரமே சுற்றியது. பூ விற்கிற அம்மா உட்காரவைத்து மோர் வாங்கிக் கொடுத்தார். (அந்த மோரையும் எழுதினேன். 40 கலோரி.)

மூன்று மாதத்தில் 5 கிலோ குறைந்தது. அதற்கப்புறம் அசையவில்லை. செப்டம்பரில் பார்த்தால் இரண்டு கிலோ திரும்ப ஏறியிருந்தது.

ஏன் என்று யோசித்ததில் முதலில் பிடிபட்டது ஆப்பின் கணக்கு. ஒரு கிலோ கொழுப்புக்கு 7,700 கலோரி, தினம் 500 குறைத்தால் வருஷத்துக்கு 23.7 கிலோ என்று நேர்கோடு போடுகிறது. அந்தக் கோட்டிலேயே போனால் மூன்று வருஷத்தில் நான் ஐந்து கிலோக் கைக்குழந்தையாகியிருக்க வேண்டும். உடம்பு இளைக்க இளைக்க அதன் செலவும் குறைகிறது. சம்பளம் குறைந்தால் நாமும் செலவைச் சுருக்குவதில்லையா, அப்படி. அமெரிக்க தேசியச் சுகாதார நிறுவனத்தில் அப்போது இருந்த கெவின் ஹால் போன்றவர்கள் இந்த நேர்கோடு தப்பு என்று 2011-லேயே எழுதிவிட்டார்கள். என் ஆப் அதையேதான் காட்டிக்கொண்டிருந்தது.

இரண்டாவது காரணத்தைச் சொல்லக் கொஞ்சம் வெட்கம். மகன் தட்டில் விட்ட கால் தோசை. அத்தை வேண்டாம் என்ற அப்பளம். அடிப்பிடித்த புளியோதரையை வழித்துத் தின்றது. உப்பு பார்க்க ஒரு கரண்டி, காரம் பார்க்க இன்னொரு கரண்டி. கொட்ட மனசு வராமல் வாயில் போட்டது எதையும் நான் எழுதவில்லை. எழுத வேண்டும் என்றே தோன்றவில்லை, அது சாப்பாடு இல்லையே, பாத்திரம் ஒழிப்பதுதானே! ஆடிட்டில் இப்படி ஒரு பையன் செய்தால் நான் விடுவேனா?

நான் மட்டும் இல்லை என்பது அப்புறம் தெரிந்தது. என்ன செய்தாலும் எடை குறையவில்லை என்று வந்த பத்துப் பேரை நியூயார்க்கில் வைத்துச் சோதித்து 1992-ல் ஓர் ஆய்வு வெளிவந்தது. அவர்கள் உண்மையில் சாப்பிட்டதில் 47 சதவீதத்தைக் கணக்கில் காட்டவில்லை. உடற்பயிற்சியை 51 சதவீதம் கூட்டிச் சொன்னார்கள். யாரும் திருடர்கள் இல்லை. கை தின்றதை மூளை எழுதவில்லை, அவ்வளவுதான். நானும் அண்ணா நகர் டவர் பார்க்கில் ஒரு மணி நேரம் சுற்றிவிட்டு 500 கலோரி போச்சு என்று சந்தோஷப்பட்டிருக்கிறேன். என் எடைக்கும் என் நடைக்கும் அதில் பாதி இருந்தால் அதிகம்.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியம். நம் சாப்பாடு ஆளுக்கொரு பாக்கெட்டில் வருவதில்லை. ஒரு குக்கர், ஒரு குழம்புச் சட்டி, நாலு பேர். நான் எடுத்த கரண்டியில் பருப்பு அதிகமா, தண்ணீர் அதிகமா? ஆப்பில் சாம்பார் என்று தேடினால் பத்து எண் வருகிறது, ஒன்றுக்கொன்று ஒட்டவில்லை. பத்து அல்லது அதற்கு மேல் கிளை வைத்திருக்கும் ஓட்டல்கள் கலோரியை மெனுவில் போட வேண்டும் என்று 2022 ஜூலையிலிருந்து விதி இருக்கிறது. நம் அடுப்புக்கு யார் போடுவது?

அதோடு, நாலு பேர் சாப்பிடும் இடத்தில் ஒருத்தி தராசு வைத்தால் மற்ற மூன்று பேருக்கும் அது குத்தும். ஒரு அமாவாசை அன்று அத்தை பரிமாறிய சாதத்தை நான் கிண்ணத்தோடு தராசில் வைத்தேன். "ஏம்மா, நான் போடுற சோறு தராசுல நின்னு பதில் சொல்லணுமா?" என்றார். அன்றைக்கு முழுக்கப் பேசவில்லை. எனக்குக் கோபம் வந்தது உண்மை. யோசித்தால் அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. நாற்பது வருஷம் கையாலேயே அளந்து போட்டவர்.

அந்தத் தீபாவளி கழிந்த வாரம் மளிகைக் கடைக்குப் பாக்கி கொடுக்கப் போனேன். அண்ணாச்சி பில்லை நீட்டினார். எண்ணெய் எல்லாம் சேர்த்து 5 லிட்டர், சர்க்கரை 4 கிலோ. பண்டிகை மாதம் என்று நினைத்து முந்தைய மாதப் பில்லைக் கேட்டேன். அதிலும் அதேதான். கடை வாசலிலேயே போன் கால்குலேட்டரை எடுத்தேன். 5 லிட்டர் என்றால் 4.6 கிலோ. ஒன்பதால் பெருக்கி, நாலு பேருக்கும் முப்பது நாளுக்கும் வகுத்தால் ஆளுக்கு ஒரு நாளைக்கு 345 கலோரி. எண்ணெய் மட்டும். பொரித்து மிஞ்சிக் கொட்டியது கொஞ்சம் போகும். போனாலும் முந்நூறுக்குக் குறையாது. ஆறேழு இட்லி!

தட்டில் பிடிபடாமல் ஓடிய கணக்கு பில்லில் கைகட்டி நின்றது. தட்டில் ஏமாற்றலாம், கரண்டியில் ஏமாற்றலாம். காலியான கேனிடம் முடியாது. வாங்கியதை யாரோ தின்றிருக்கிறோம்.

ஆப்பை அன்றே அழித்தேன் என்றெல்லாம் சொல்ல மாட்டேன், சந்தா இன்னும் இரண்டு மாதம் மிச்சமிருந்தது. ஆனால் திறக்கவில்லை. அதற்குப் பதிலாக மாதச் சீட்டில் எண்ணெயை 3 லிட்டர் என்றும் சர்க்கரையை 2 கிலோ என்றும் எழுதினேன். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. கேனைப் பரணில் வைத்துவிட்டு அடுப்படியில் ஒரு சின்னத் தூக்கும் ஸ்பூனும். தோசைக்கல்லில் பாதி வெங்காயத்தால் தேய்ப்பது. அப்பளம் சுட்டது. பூரி வாரத்துக்கு ஒரு முறை என்றிருந்தது மாதத்துக்கு ஒரு முறை. அத்தை கண்டுபிடிக்கவில்லை. கடைக்காரர் கண்டுபிடித்துவிட்டார். "என்னக்கா, வீட்ல யாராவது ஊருக்குப் போயிட்டாங்களா? எண்ணெய் இறங்கவே மாட்டேங்குது?"

இரண்டு லிட்டர் எண்ணெயும் இரண்டு கிலோ சர்க்கரையும் குறைந்ததில் ஆளுக்குத் தினம் ஏறக்குறைய 200 கலோரி குறைந்தது. யாரும் பசியோடு எழுந்திருக்கவில்லை. வீட்டுக்காரர் சட்டை பட்டனை இழுக்காமல் போடுகிறார். அது வாக்கிங்கால் என்று அவர் நம்பிக்கை, இருந்துவிட்டுப் போகட்டும். நான் ஒன்றரை வருஷத்தில் 73-லிருந்து 67-க்கு வந்தேன். மெதுவாகத்தான். இன்னும் அங்கேயேதான் நிற்கிறேன்.

இதில் இன்னொன்றும் மாறியது, சாயங்காலத் தீனி. மிக்சர் நூறு கிராம் 500-க்கு மேல், வேகவைத்த கொண்டைக்கடலை நூறு கிராம் 160 சொச்சம். எண்ணைவிட முக்கியம், சுண்டல் ஒரு கிண்ணத்தோடு நிற்கும், மிக்சர் டப்பாவோடு நிற்காது. மேலே சொன்ன கெவின் ஹால் 2019-ல் இருபது பேரை நான்கு வாரம் ஆய்வு மையத்திலேயே தங்கவைத்துப் பார்த்தார். ஆலையில் பதப்படுத்திய உணவு இரண்டு வாரம், வீட்டுச் சமையல் மாதிரியான உணவு இரண்டு வாரம். வேண்டிய அளவு சாப்பிடச் சொன்னபோது பதப்படுத்திய உணவில் தினம் 500 கலோரி கூடுதலாக உள்ளே போனது. அந்த இருபது பேரும் எண்ணிச் சாப்பிடவில்லை. உணவே அவர்களை அதிகம் சாப்பிட வைத்தது. அதனால் மிக்சர் இப்போது என் சீட்டிலேயே கிடையாது. வீட்டில் இருந்தால் நான் தின்பேன், எனக்கு என்னைத் தெரியும்.

ஒரு விஷயத்தில் மட்டும் கறாராகச் சொல்கிறேன். வயசுப் பெண்களுக்கு இந்த ஆப்பைக் கொடுக்காதீர்கள். என் தங்கை மகள், காலேஜ் படிக்கிறவள், 1,200-ல் ஆரம்பித்து 800 வரை இறங்கினாள். லஞ்ச் பாக்ஸ் தோழிகளுக்குப் போயிருக்கிறது. மாதவிலக்கு நின்றபிறகுதான் வீட்டில் தெரிந்தது. சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களும் டாக்டரைக் கேட்காமல் சாப்பாட்டைக் குறைக்கக் கூடாது. சர்க்கரை திடீரென்று இறங்கிவிடும். அதனால்தான் அத்தைக்கு எண்ணெயைக் குறைத்தேனே தவிர சாதத்தில் கைவைக்கவில்லை.

அப்புறம் படித்ததில் ஒரு வேடிக்கை. இந்திய உணவுகளின் சத்துக் கணக்கை 1937-ல் முதலில் அட்டவணையாகப் போட்டவர் நம் குன்னூரில் இருந்த அய்க்ராய்ட் என்ற விஞ்ஞானி. (பிறகு ஹைதராபாத்துக்குப் போன அதே நிறுவனம்தான்.) சோறு போதாத ஜனங்களுக்கு என்ன கொடுத்தால் பற்றாக்குறை தீரும் என்று பார்க்கப் போட்ட அட்டவணை அது. நம் நாட்டு உணவுக் கணக்கெடுப்புகளில் வீட்டில் சமைக்க எடுக்கும் பச்சைப் பொருளை எடைபோட்டு ஆளுக்கு எவ்வளவு என்று வகுப்பதும் பழைய வழக்கம்தான். ஆண், பெண், குழந்தை என்று பங்கு மாறும் என்பதற்குக்கூட அதில் ஒரு முறை வைத்திருக்கிறார்கள். நான் என்னவோ புதிதாகக் கண்டுபிடித்த மாதிரி கடை வாசலில் குதித்தேன்.

அந்தப் பெண்ணுக்கு ஆப் பெயர் அனுப்பவில்லை. மூன்று வாரம் மட்டும் எண்ணிப் பார், எங்கே ஓட்டை என்று தெரிந்துகொள் என்று எழுதி, எங்கள் வீட்டு மளிகை பில் இரண்டைப் படமெடுத்து அனுப்பினேன். ஒன்று 2023 நவம்பர், இன்னொன்று போன மாதம்.

நேற்று ராத்திரி பதில் வந்திருக்கிறது. "அக்கா, இதுல கலோரி எங்க போட்டிருக்கு?"

நாளைக்கு டீ குடிக்கும்போது கால்குலேட்டரோடு உட்கார வேண்டும்.