மண் இல்லாத நெத்திலி

எங்கள் மதினி பாம்பனில் கருவாடு போடுகிறார். வெளியூருக்கும் அனுப்பலாம் என்று மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு வெப்சைட் போட்டோம். அடுத்த மாதமே ஒரு நிறுவனத்திலிருந்து போன் வந்தது. கூகுளில் முதல் இடம், கேரண்டி என்றார்கள். 15,000 ரூபாய் கட்டினோம். மதினி சீட்டு எடுத்த பணம் அது.

ஆறு மாதம் ஓடியும் ஆர்டர் வரவில்லை. என்னதான் செய்திருக்கிறார்கள் என்று உட்கார்ந்து பார்த்தேன். மெட்டா கீவேர்ட்ஸ் என்று, பக்கத்தைப் பார்க்கிறவர் கண்ணுக்குத் தெரியாமல் தேடுபொறிக்காகச் சொற்களை எழுதி வைக்கிற ஓர் இடம் உண்டு. அதில் உலகத்து மீன் பெயரையெல்லாம் அடுக்கியிருந்தார்கள். தரவரிசைக்கு அதைப் பார்ப்பதே இல்லை என்று கூகுள் 2009-லேயே சொல்லிவிட்டது. அப்புறம், கருவாட்டுக்குச் சம்பந்தமே இல்லாத தளங்களிலிருந்து எங்களுக்கு லிங்க். இப்படி லிங்க் சேர்த்து மேலே ஏறுகிறவர்களைப் பிடிக்கத்தான் 2012-ல் கூகுளின் தரவரிசை முறையில் பெங்குவின் என்ற மாற்றமே வந்தது. முதல் இடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளின் வழிகாட்டியிலேயே எழுதியிருக்கிறது. எதுவும் ரகசியம் இல்லை, எல்லாம் காசில்லாமல் படிக்கக் கிடைப்பது. பெரும்பாலும் ஆங்கிலத்தில் கிடப்பதால் நம் ஆட்கள் கைக்கு வந்து சேரவில்லை. என் ஆற்றாமையெல்லாம் அதில்தான்.

அன்றிலிருந்து தினமும் ராத்திரி அரைமணி நேரம் படிக்கிறேன். பில் ஸ்லாவ்ஸ்கி என்று ஓர் அமெரிக்கர் இருந்தார், 2022-ல் காலமாகிவிட்டார். தேடுபொறி நிறுவனங்களின் காப்புரிமை ஆவணங்களைப் பொறுமையாகப் படித்து, மற்றவர்களுக்குப் புரிகிற மாதிரி எழுதிக்கொண்டே இருந்த மனிதர். அவர் எழுதிய இடத்துக்கு வைத்த பெயர் 'எஸ்இஓ பை தி சீ'. தேடலில் நம் பக்கத்தை மேலே கொண்டுவருகிற வேலைக்குத்தான் எஸ்இஓ என்று பெயர். கடலோரத்து எஸ்இஓ! பாம்பனில் இருந்துகொண்டு அதைப் படிக்க எனக்கு அவ்வளவு நெருக்கமாக இருந்தது.

படித்ததில் உடனே கைகொடுத்தது, வெப்சைட் வைத்திருப்பவர்களுக்குக் கூகுள் தருகிற சர்ச் கன்சோல் என்ற கருவி. எந்தெந்தத் தேடலுக்கு நம் பக்கம் கண்ணில் பட்டது, எத்தனை பேர் உள்ளே வந்தார்கள் என்று 16 மாதக் கணக்கை இலவசமாகக் காட்டும். அதில் ஒரு வரி: 'மண் இல்லாத நெத்திலி கருவாடு'. பல பேர் கண்ணில் பட்டிருக்கிறோம், ஒருவர்கூடத் தொடவில்லை. எப்படித் தொடுவார்கள்? எங்கள் பக்கத்தில் இருந்தது 'உயர்தர பிரீமியம் நெத்திலி'.

மதினியிடம் காட்டினேன். "மணல்ல காயப்போட்டா நறநறன்னுதான் இருக்கும் தம்பி. நாம வலைய உசக்கக் கட்டி அதுலதான போடுறோம். அத எழுத வேண்டியதுதான?" என்றார். அப்புறம் நிறுத்தவே இல்லை. நெத்திலிக்கு உப்பு வேண்டாம், சீலாவுக்கு வேண்டும். மதியம் ஒரு தடவை புரட்டிவிடணும். காய்ந்ததை அள்ளினால் கையில் சலசலக்கணும். அவர் சொல்லச் சொல்ல அப்படியே எழுதினேன். வலையில் நெத்திலி காய்கிற போட்டோவையும் போட்டேன். தஞ்சாவூரிலிருந்து ஒரு அம்மா, "மண் இருக்காதுல்ல?" என்று மறுபடியும் போனில் கேட்டுவிட்டுத்தான் ஒரு கிலோ வாங்கினார். இப்போது மாதா மாதம் வாங்குகிறார்.

2022 டிசம்பரில் கூகுள், தேடல் முடிவுகள் தரமாக இருக்கின்றனவா என்று பார்க்கிற மதிப்பீட்டாளர்களுக்குத் தரும் வழிகாட்டியில் 'அனுபவம்' என்ற ஒன்றைப் புதிதாகச் சேர்த்தது. எழுதுகிறவருக்கு அந்த விஷயத்தில் நேரடி அனுபவம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்கிறது. எங்கள் மதினியைவிடக் கருவாட்டில் அனுபவம் உள்ளவர் எந்த ஏஜென்சியில் இருக்கிறார்? அவர் வாயிலிருந்து வருவதை விட்டுவிட்டு யாரோ எழுதிய 'பிரீமியம்' எதற்கு?

இன்னொன்று. நம் மக்களில் நிறையப் பேர் ஆங்கில எழுத்தில்தான் தமிழைத் தட்டுகிறார்கள், அதுவும் கருவாட்டை நாலு விதமாக. அதனால் பொருளின் பெயரைத் தமிழிலும் போடுங்கள், அவர்கள் தட்டுகிற மாதிரியும் ஒருமுறை போடுங்கள். கூகுள் மேப்பில் கடையைப் பதிய ஒரு பைசா கிடையாது. மீன்பிடித் தடைக்காலத்தில், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கட்டிக் கிடக்கிற 61 நாளில் என்ன சரக்கு கிடைக்கும் என்று முன்கூட்டியே எழுதி வையுங்கள். அதைக் கேட்டுத்தான் எங்களுக்கு அதிகம் போன் வருகிறது.

தொண்டியிலிருந்து சாயல்குடி வரைக்கும் கருவாடு, கருப்பட்டி, ஓலைப்பெட்டி, முண்டு மிளகாய் என்று எது விற்கிறவராக இருந்தாலும் சரி, யாருக்காவது பணம் கட்டும் முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போனோடு பாம்பனுக்கு வாருங்கள். சர்ச் கன்சோலை நானே திறந்து தருகிறேன். காசு வேண்டாம். வரும்போது உங்கள் வீட்டில் சரக்கு போடுகிறவரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், எழுத வேண்டியது அவர் சொல்வதைத்தான்.