மாத்திரையை நிறுத்தச் சொல்ல நீங்க யாருங்க?

பெண்களை உட்கார வைத்து ஒருவர் நாட்டு மருந்து பற்றிப் பேசிய மண்டபக் கூட்டத்து வீடியோவை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். "சரவாங்கிக்குக் காரணம் ஆக்சிடேஷன், இந்தப் பவுடரைக் குடிங்க, மாத்திரையைத் தூக்கி வீசுங்க" என்கிறார், கூட்டம் கை தட்டுகிறது. சரவாங்கி என்றால் உடம்பின் எதிர்ப்பு சக்தியே மூட்டுகளைத் தாக்கும் முடக்குவாதம். ஆக்சிடேஷன் என்றால் ஆக்சிஜன் ரசாயனங்கள் உடம்பின் புரதங்களைச் சிதைப்பது. அவர் பேச்சில் பாதி உண்மை இருக்கிறது. அதனால்தான் எனக்கு வயிறு எரிகிறது.

வீங்கின மூட்டில் வெள்ளணுக்கள் கக்கும் ஆக்சிஜன் ரசாயனங்கள் கொலாஜன் மாதிரியான புரதங்களைச் சிதைத்து உருமாற்றும். ஹெல்மெட்டோடு வந்த வீட்டுக்காரரையே நாய் குரைக்கிற மாதிரி, எதிர்ப்பு அணுக்கள் அந்தப் புரதத்தை அந்நியம் என்று தாக்கலாம். அப்புறம் ஹெல்மெட்டைக் கழற்றினாலும் விடாமல், மாறாத புரதத்தையும் சேர்த்துத் தாக்கலாம். நோயைத் தூண்டும் பல காரணங்களில் இதுவும் ஒன்றாக இருக்கலாம். இருக்கலாம், அவ்வளவுதான்.

சரி, ஆக்சிடேஷனைத் தடுத்தால் நோய் வராதா? அமெரிக்காவில் ஏறக்குறைய 39,000 பெண்களை வைத்து, ஆக்சிடேஷனைத் தடுக்கும் விட்டமின் ஈ கொடுத்துப் பார்த்த ஆய்வு 2008-ல் வந்தது, சரவாங்கி வருவது குறையவில்லை. 2003-ல் எலிகளில் பார்த்தது இன்னும் விசித்திரம்: அந்த ஆக்சிஜன் ரசாயனங்களைக் குறைவாகச் சுரக்கும் எலிகளுக்குத்தான் மூட்டுவாதம் கடுமையாக இருந்தது. இதை மேடையில் சொன்னாரா?

எங்கம்மாவுக்கு சரவாங்கி. விடிகாலையில் விரல் மடங்காது, காப்பி டம்ளரை ரெண்டு உள்ளங்கையாலும் அணைத்துத்தான் தூக்குவார். வாரம் ஒருநாள் போடும் மெத்தோட்ரெக்ஸேட் என்ற சரவாங்கி மாத்திரை வந்தபிறகுதான் சீலை கொசுவத்தைத் தானே மடிக்கிறார். அவரும் வீடியோவைப் பார்த்துவிட்டு "மாத்தரைய நிறுத்திப் போடலாமா அம்மிணி?" என்று கேட்டார். எனக்குக் கை நடுங்கிவிட்டது.

நாட்டு மருந்தை இழிவுபடுத்துகிறேன் என்பீர்கள். கசாயம் குடிக்காத வீடா எங்களுடையது? குடியுங்கள், டாக்டரிடம் சொல்லிவிட்டுக் குடியுங்கள், மாத்திரையை நிறுத்தாதீர்கள். ஆஸ்பத்திரிக்காரர்களிடம் காசு வாங்கிவிட்டேன் என்பவர்களுக்குப் பதில் சொல்ல எனக்கு மனசில்லை.

எங்கம்மா கல்யாணத்துக்கு முன்னாலிருந்து நூல் மில்லில் கோன் வைண்டிங், அதாவது நூலைக் கோனில் சுற்றும் வேலை, பார்த்தவர், வீட்டுக்கு வரும்போது புருவமெல்லாம் பஞ்சாக இருக்கும். துணி ஆலைத் தூசியைச் சுவாசித்த பெண்களுக்கு சரவாங்கி வாய்ப்பு ஏறக்குறைய 3 மடங்கு என்று 2016-ல் மலேசிய ஆய்வு ஒன்று வந்தது. திருப்பூர், பல்லடம், அவிநாசி என்று மில்லைச் சுற்றியே வாழ்கிற ஊர்க்காரர்கள் நாம். அத்தனை பெண்களை உட்கார வைத்துப் பேசியவர் தூசியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, மாஸ்க் கேளுங்கள் என்று சொல்லவில்லை. நீ தப்பாகச் சாப்பிட்டாய், அதனால் நோய் வந்தது என்று அவர்கள் தலையிலேயே பழியைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

அந்தக் கூட்டத்துக்குப் போய்வந்து மாத்திரையை நிறுத்தினவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால், இந்த வாரமே டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போங்கள்.