சீக்ரெட் சிஸ்டர்ஸ் கதையை எல்லாரும் ஒரே மாதிரி சொல்றாங்க, எனக்கு ஒப்பல

லாரா ரோஜர்ஸ், லிடியா ரோஜர்ஸ். அமெரிக்காவோட அலபாமாவுல மசில் ஷோல்ஸ் ஊருக்குப் பக்கத்து அக்கா தங்கச்சி, ‘தி சீக்ரெட் சிஸ்டர்ஸ்’ங்கிற பேர்ல கன்ட்ரி, ஃபோக் பாடுறவங்க. இவங்களைப் பத்தி எந்தக் கட்டுரையை எடுத்தாலும் அதே கதைதான். பெரிய ரெக்கார்ட் கம்பெனி கூட்டிட்டுப் போச்சு, கைவிட்டுச்சு, திவால் ஆனாங்க, அந்த வலியில பொறந்த ஆல்பம் கிராமி நாமினேஷன் வாங்குச்சு, ஆஹா ஓஹோ. நடந்தது எல்லாம் உண்மைதான், இல்லன்னு சொல்லல, ஆனா அந்தக் கதையில இருக்கிற "கஷ்டப்பட்டாதான் நல்ல பாட்டு வரும்"ங்கிற தொனி இருக்கே, அதைப் படிக்கும்போதெல்லாம் எரிச்சலா வருது.

முதல்ல இருந்து வரேன். இவங்க வளர்ந்தது சர்ச் ஆஃப் கிறைஸ்ட் சபையில. அங்க ஆராதனையில வாத்தியமே கிடையாது, ஒரு பியானோ கூட இல்ல, மொத்த சபையும் வாயாலயே பாடணும், அதுவும் ஒருத்தர் மேல ஒருத்தர் கீழன்னு ஸ்வரத்தைப் பிரிச்சு. அதனால ஹார்மனிங்கிறதை இவங்க யார்கிட்டயும் கிளாஸ் போய் கத்துக்கல, பேச்சு வர்ற மாதிரி வந்துருச்சு. ரெண்டு பேரும் ஆளுக்கொரு ஸ்வரம் பாடினாலும் குரலோட நிறம் ஒன்னா இருக்கும், மூச்சு எடுக்கிற இடம் கூட ஒன்னு. அமெரிக்காவுல இதுக்கு ரத்த ஹார்மனின்னே சொல்லுவாங்க. இதுக்குப் பேர் போன பழைய அண்ணன் தம்பி ஜோடி லவின் பிரதர்ஸும் இதே அலபாமாக்காரங்கதான்.

2009ல நாஷ்வில்ல ஒரு ஆடிஷன். போனது அக்கா லாரா மட்டும்தான், அவங்களுக்கோ மேடைன்னாலே நடுக்கம். தங்கச்சி அப்புறமாதான் வந்து சேர்ந்தாங்க. சேர்ந்து பாடினதைக் கேட்டதும் மடமடன்னு கான்ட்ராக்ட், யுனிவர்சல் ரிபப்ளிக்ங்கிற ரெக்கார்ட் கம்பெனியோட. அதுவரைக்கும் ரெண்டு பேரும் ஒரு டூயோவா மேடை ஏறினதே இல்லைங்கிறதை நினைச்சுப் பாருங்க.

2010ல முதல் ஆல்பம் வந்துச்சு. தயாரிப்பு டேவ் காப், மேல இருந்து பார்த்துக்கிட்டது பெரிய தயாரிப்பாளர் டி போன் பர்னெட். பழைய காலத்து மைக், பழைய டேப், எல்லாமே ஐம்பதுகள்ல இருந்த மாதிரி. பாட்டும் அப்படித்தான், ஹேங்க் வில்லியம்ஸ், ஜார்ஜ் ஜோன்ஸ், பக் ஓவன்ஸ், பில் மன்றோன்னு பழைய கன்ட்ரி ஆளுங்களோட பாட்டு. இவங்க சொந்தமா எழுதினது எத்தனைன்னு பார்த்தா ரெண்டே ரெண்டு. கேட்க அழகா இருக்கும், நானே ஒரு காலத்துல தினமும் கேட்டேன், ஆனா இப்ப கேட்டா மியூசியத்துல கண்ணாடிப் பெட்டிக்குள்ள வெச்ச பொம்மை மாதிரி இருக்கு. இருபதுகள்ல இருக்கிற ரெண்டு பொண்ணுங்களுக்குப் பாட்டி காலத்து கவுனைப் போட்டு நிக்க வெச்சிருக்காங்க. (ராக் கிடாரிஸ்ட் ஜாக் வைட்டோட சேர்ந்து ஒரு சிங்கிள் பண்ணாங்க, அதுவும் பழைய பாட்டுதான், ஆனா அதுல கிடார் செம ரகளையா இருக்கும்.)

2014ல ரெண்டாவது ஆல்பம், பர்னெட்டே தயாரிச்சார். இதுல பாப் டிலன் பாதியில விட்ட ஒரு பாட்டை வாங்கி முடிச்சுக் கொடுத்திருக்காங்க, பத்திரிகை எல்லாம் அதையேதான் பேசுச்சு. எனக்கு அதைவிட முக்கியம் ‘ஐயூகா’. மிசிசிப்பியில இருக்கிற ஒரு சின்ன ஊர் அது, அலபாமா ஜோடிங்க வீட்டுக்குத் தெரியாம ஓடிப்போய் கல்யாணம் பண்ணிக்கிற இடம். அப்படி ஓடுற ஜோடியை அப்பனே கொல்ற கதை. ஊர்க்கதையை எடுத்துப் பழைய கொலைப்பாட்டு அச்சுல ஊத்தியிருக்காங்க. எழுதத் தெரிஞ்சவங்கன்னு அப்பவே புரிஞ்சுது. திவாலுக்கு முன்னாடி எழுதின பாட்டுங்க இது! அதைத்தான் சொல்ல வரேன்.

ஆல்பம் சரியா விக்கல, லேபிள் கழட்டி விட்டுருச்சு, பழைய மேனேஜர் கேஸ் போட்டார், திவால் மனு. லாரா வீடு வீடா கிளீனிங் வேலைக்குப் போனாங்க. பாடுறதையே விட்டுடலாம்னு இருந்த நேரத்துலதான் பாடகி பிராண்டி கார்லைல் இந்த அக்கா தங்கச்சியோட புதுப் பாட்டு ஒன்னைக் கேட்டுட்டு நான் தயாரிக்கிறேன்னு வந்தாங்க. டென்னஸி ஆறே வாயைத் திறந்து பேசுற மாதிரியான பாட்டு அது. காசுக்கு ரசிகர்கள்கிட்டயே நிதி திரட்டினாங்க. 2017ல ‘யூ டோன்ட் ஓன் மீ எனிமோர்’ வந்துச்சு, சிறந்த ஃபோக் ஆல்பத்துக்கு கிராமி நாமினேஷன். ‘ஐயூகா’வுல கொன்ன அந்த அப்பன் பக்கமிருந்து ‘மிசிசிப்பி’ன்னு ஒரு பாட்டு இதுல இருக்கு, ராத்திரி தனியா கேட்காதீங்க.

இப்ப சொல்லுங்க, இதுக்கு கிரெடிட் வறுமைக்கா போகணும்? என்னைக் கேட்டா மாறினது ஒன்னுதான், இவங்க எழுதினதை இவங்க இஷ்டப்படியே பாட விட்டாங்க. 2010லயே விட்டிருந்தா திவால் இல்லாமலே வந்திருக்கலாம். பக்கெட்டும் துடைப்பமுமா அலைஞ்ச மாசங்களுக்கு ஒளிவட்டம் போடுறவங்க, கைவிட்ட கம்பெனிக்கு ஃப்ரீயா பாவமன்னிப்பு கொடுக்கிறாங்க, அவ்ளோதான்.

இன்னொரு ஆதாரம் 2020ல வந்த ‘சாட்டர்ன் ரிட்டர்ன்’. ரெண்டு பாட்டியும் ஒரே வாரத்துல போயிட்டாங்க, அக்கா தங்கச்சி ரெண்டு பேரும் அம்மா ஆன காலம். இதுல கார்லைல், ஹார்மனியைக் கொஞ்சம் ஓரமா வெச்சுட்டுத் தனித்தனியா பாடுங்கன்னு தள்ளியிருக்காங்க. சேர்ந்து பாடுறதுக்குன்னே பேர் வாங்கினவங்களுக்கு இது எவ்ளோ பயமா இருந்திருக்கும்? ஆனா ‘லேட் ப்ளூமர்’ கேளுங்க, குரல்ல ஒரு தயக்கம் இருக்கு பாருங்க, அது ஜோடியா பாடும்போது தெரியவே தெரியாது. என் கணக்குல இதான் இவங்க பெஸ்ட், சண்டைக்கு வர்றவங்க வாங்க. இதுக்கும் நாமினேஷன், ‘கேபின்’ பாட்டுக்குத் தனியா இன்னொன்னு. ரெண்டும் கிடைக்கல.

2024ல வந்த ‘மைண்ட், மேன், மெடிசின்’ல சொந்த ஊர்ப் பக்கம் மசில் ஷோல்ஸ்ல இருக்கிற ஃபேம் ஸ்டுடியோவுக்கே திரும்பிட்டாங்க, தயாரிப்புல பாடகர் ஜான் பால் வைட்டும் சேர்ந்துக்கிட்டார். நிதானமான ஆல்பம், சில பாட்டு எனக்கு ஒட்டல.

புதுசா கேட்க ஆரம்பிக்கிறவங்க 2017 ஆல்பத்துல தொடங்குங்க, அப்புறம் ‘சாட்டர்ன் ரிட்டர்ன்’. முதல் ஆல்பத்தைக் கடைசியா வெச்சுக்கோங்க, அதுல அந்த ரெண்டு சொந்தப் பாட்டு எதுன்னு லிஸ்ட்டைப் பார்க்காம கண்டுபிடிச்சு கமென்ட்ல போடுங்க.