அதெல்லாம் நார்மல் சார்

இனி யாராவது என்னிடம் "அதெல்லாம் நார்மல் சார்" என்று சொன்னால், சாவியை அவர் கையில் திணித்துவிட்டு டவுன் பஸ் ஏறி வீட்டுக்குப் போய்விடுவதாக இருக்கிறேன். ஐந்து மாதத்தில் ஏழு முறை கேட்டாயிற்று. காது புளித்துவிட்டது.

டீசல் எஸ்யூவி, ஆட்டோமேட்டிக். கம்பெனி பெயர் வேண்டாம். இடது முழங்கால் தேய்ந்துவிட்டது, கிளட்ச் மிதிப்பதைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொன்னதால், மேனுவலைவிட ஒன்றரை லட்சம் கூடக் கொடுத்து வாங்கினேன். முழங்கால் வலி போனது உண்மை. இப்போது தலைவலி.

முதல் முறை சேலம் ஐந்து ரோடு நெரிசலில். வண்டி நின்றால் நிமிடத்துக்கு 800 சுற்றில் இருக்க வேண்டிய எஞ்சின் முள் 1,000-ஐத் தாண்டி நிற்கிறது. பானட்டுக்குள்ளே ஃபேன் மாவு மில் போல இரைகிறது. நகர்ந்தால் இன்னும் மோசம். வழக்கமாக 1,700-இல் அடுத்த கியருக்குப் போகிற வண்டி, 2,500 வரை மூன்றாவது கியரை விடவே இல்லை. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துப் பார்த்தேன், அழுத்திப் பார்த்தேன். ம்ஹும். பக்கத்தில் பைக்கில் நின்றவர், இவன் என்னத்துக்கு இப்படி ரேஸ் பண்ணுகிறான் என்று திரும்பிப் பார்க்கிறார். நான் எங்கே ஐயா பண்ணுகிறேன்? மறுநாள் காலை வண்டி பரம சாது.

அப்புறம் ஏற்காடு. இருபது கொண்டை ஊசி வளைவுகள். வளைவிலிருந்து வெளியே வந்து ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஒரு நொடி யோசிக்கிறது. யோசித்து முடித்ததும் ஒரேயடியாக இரண்டு கியர் கீழே இறங்கி 4,000-க்கு எகிறி அலறுகிறது. அலறி முடித்து மேல் கியர் போடும்போது அடுத்த வளைவு வந்துவிடுகிறது. இறங்கும்போது வேறு கூத்து. பிரேக்கை லேசாகத் தொட்டாலே தானாகக் கியரைக் குறைத்துக்கொண்டு 'ங்ஙொய்' என்று கத்துகிறது. பின் சீட்டில் அம்மா கந்த சஷ்டி கவசத்தை ஆரம்பித்துவிட்டார்.

அப்பா முப்பது வருஷம் லாரி ஓட்டியவர். வாயே திறக்காமல் வந்தவர், அடிவாரத்தில் இறங்கியதும் சொன்னார்: "எறக்கத்துல அது செய்யறது சரிதான்டா. நானும் தொப்பூர்ல கியரக் கொறச்சுத்தான் எறக்குவேன். நியூட்ரல்ல விட்டவன், பிரேக்கையே நம்பி எறங்குனவன் எல்லாம் என்ன ஆனான்னு பாத்திருக்கேன். ஆனா எப்பப் போடறதுன்னு எனக்குத் தெரியும். இது உங்கிட்டச் சொல்லாமப் போடுது பாரு, அதான் கோளாறு."

என் கோபமும் அதேதான். ஆனால் இதை சர்வீஸ் சென்டரில் புரியவைக்க முடியவில்லை. டாக்டரைப் பார்த்ததும் விட்டுப்போகிற காய்ச்சல் மாதிரி, அட்வைசர் பக்கத்தில் உட்கார்ந்தால் வண்டி வெண்ணெயாக ஓடுகிறது. "பாருங்க சார், ஸ்மூத்தாதானே போகுது?" மூன்று முறை விட்டேன். ஒருமுறை சாஃப்ட்வேர் அப்டேட், ஒருமுறை கியர்பாக்ஸ் ரீசெட், ஒருமுறை வாட்டர் வாஷ். கியர் ஏன் மாறவில்லை என்று கேட்டவனுக்கு எதற்கய்யா வாட்டர் வாஷ்? ஜாப் கார்டில் 'குறை எதுவும் காணப்படவில்லை'. இரண்டு நாள் கழித்து சர்வீஸுக்கு மதிப்பெண் கேட்டு ஒரு பெண்ணின் போன் வரும்: "சார், பத்துக்குப் பத்து குடுத்துடுங்க, ஒன்பது குடுத்தாலும் எங்களுக்குப் பிரச்சினை." கொடுத்தேன். அந்தப் பெண் என்ன பாவம் செய்தார்?

கடைசியில் விஷயத்தைச் சொன்னது எங்கள் தெருமுனையில் பிக்கப் வண்டிகள் பார்க்கும் மெக்கானிக் அண்ணன். கதையைப் பாதி கேட்டதுமே, "டவுனுக்குள்ளயே ஓட்டறீங்களா?" என்றார். ஆமாம், ஆபீஸ் நாலு கிலோமீட்டர். "அப்ப வண்டி கரியை எரிக்குதுங்க சார்."

2020 ஏப்ரலில் பிஎஸ்-6 என்ற வாகனப் புகை விதி வந்தபோது, டீசல் கார் புகையில் துகள் அளவு கிலோமீட்டருக்கு 25 மில்லிகிராமிலிருந்து 4.5 மில்லிகிராமாகக் குறைய வேண்டும் என்று ஆனது. நல்லதுதான், சேலம் காற்றை நானும்தான் சுவாசிக்கிறேன். அதற்காகப் புகைக்குழாயில் டிபிஎஃப் என்று ஒரு சல்லடை வைத்தார்கள். கரி அதில் தங்கும். தங்கியதை எரிக்க உள்ளே 600 டிகிரி அளவுக்குச் சூடு வேண்டும். நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் ஓடினால் கரி பெரும்பாலும் போகிற போக்கிலேயே எரிந்துகொண்டிருக்கும். நாலு கிலோமீட்டர் ஓட்டி அணைத்தால் சூடே ஏறாது. கரி சேர்ந்ததும் வண்டி தானே கூடுதல் டீசல் பீய்ச்சி எரிக்கப் பார்க்கும். அப்போதுதான் நிற்கும்போதே எஞ்சின் சுற்று ஏறுவது, ஃபேன் இரைவது, மேல் கியருக்குப் போக மறுப்பது எல்லாம். நான் பாதியில் வீடு வந்து அணைத்துவிடுவேன். அடுத்த நாளோ, அதற்கடுத்த நாளோ மறுபடி ஆரம்பிக்கும்.

அண்ணன் ஆயில் குச்சியை உருவிக் காட்டினார். மேல் கோட்டுக்கும் மேலே ஆயில். நான் ஒரு சொட்டுகூட ஊற்றவில்லை. "மோந்து பாருங்க" என்றார். டீசல் வாடை. எரியாத டீசல் சிலிண்டர் சுவர் வழியாக இறங்கி ஆயிலோடு கலந்திருக்கிறது. இப்படி நீர்த்துப்போன ஆயிலில்தான் என் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, மூன்று முறை 'குறை எதுவும் காணப்படவில்லை' என்று எழுதியவர்கள் கையெழுத்தோடு!

ஒரு சின்ன விளக்கு வைத்தால் என்ன குறைந்துபோவீர்கள்? பக்கத்து சீட்டில் காய்கறிப் பையை வைத்தால் பெல்ட் போடச் சொல்லிக் கத்துகிறது. கதவுக்குள் 64 நிறத்தில் அலங்கார விளக்கு. இது அத்தனையும் செய்யத் தெரிந்தவர்களுக்கு, 'கரி எரிகிறது, பத்து நிமிடம் அணைக்காதே' என்று ஒரு வரி போடத் தெரியவில்லையா? சல்லடை அடைத்துக்கொண்ட பிறகு மட்டும் எச்சரிக்கை விளக்கு எரியுமாம். டேஷ்போர்டில் கொடுத்த புத்தகம் ஒல்லியானது. முழுப் புத்தகத்தை போனில் இறக்கினால், முந்நூற்றுச் சொச்சம் பக்கத்தில் 'அச்சமயம் எஞ்சின் ஒலியில் மாற்றம் உணரப்படலாம்' என்று ஒரு வரி. உணரப்படலாமாம்!

டெலிவரி அன்று டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள், கேக் வெட்டினார்கள், சன்ரூஃபைத் திறந்து மூடுவதை அரைமணி நேரம் சொல்லிக்கொடுத்தார்கள். மலையில் கியர் குச்சியை 'எம்'-க்கு, அதாவது மேனுவலுக்குத் தள்ளி இரண்டாவது, மூன்றாவது கியரை நாமே பிடித்துவைத்தால் பாதி அலறல் அடங்கிவிடும் என்று ஒருவர் வாயிலும் வரவில்லை. வாங்கும் முன் விற்பனைத் தம்பி கேட்கத்தான் செய்தார், தினம் எவ்வளவு ஓட்டுவீர்கள் என்று. எட்டு கிலோமீட்டர் என்றேன். "அப்ப டீசல்தான் சார் பெஸ்ட், மைலேஜ் அள்ளும்." எனக்கும் ஆசை, தலையாட்டினேன். பெட்ரோல் வாங்கு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவருக்கு இன்சென்டிவ் போயிருக்குமோ என்னவோ.

ஆயில் மாற்றியாயிற்று. அண்ணன் சொன்ன வைத்தியப்படி ஞாயிறுதோறும் விடியற்காலையில் ஓமலூர் வரை போய் வருகிறேன். நான்காவது கியர், 2,000-க்கு மேல், இருபத்தைந்து நிமிடம். டீசல் விட்ட கரியை எரிக்க இன்னும் டீசல். அப்பாவும் கூட வருகிறார். போன வாரம் டீக்கடையில் நிறுத்தி எஞ்சினை அணைத்த பிறகும் ஃபேன் விடாமல் ஓடிக்கொண்டிருந்தது. டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் எட்டிப் பார்த்து, "ஏங்க, வண்டி ஆஃப் ஆகலைங்களா?" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார்.

"அதெல்லாம் நார்மலுங்க."